வியாழக்கிழமை அடித்த நம்பர்

காரை மதிப்புப் போட ஆள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலையில், அதன் எஞ்சின் நம்பரை நான் மறுபடி அடித்தேன். யாரும் சொல்லி அடிக்கவில்லை. ஏமாற்றவும் அடிக்கவில்லை. நம்பர் தேய்ந்து கிடந்தது, கண்ணில் பட்டது, அடித்துவிட்டேன். அறுபது வயதில் என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே கெட்ட பழக்கம் வேலை செய்வதுதான் என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்கு அது முழு உண்மை ஆயிற்று.

இதற்குக் காரணம் எங்கள் ஒர்க்‌ஷாப். கோலார் தங்க மைன் மூடும்வரை பதினாலு வருஷம் நந்திதுர்க் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தேன். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜ், செயினிலும் கொக்கியிலும் தொங்கும். அவை ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் அத்தனையையும் கழற்றித் துடைத்து, மங்கிய நம்பரை அதே இடத்தில் எண் பொறித்த இரும்புப் பஞ்ச் வைத்து ஆழமாக அடிப்போம். நம்பர் படிக்க வரவில்லை என்றால் அந்த இரும்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஸ்கிராப்புக்குப் போகும், பிட்டருக்கு மெமோ வரும். அடித்த இடம் துருப்பிடிக்காமல் இருக்க கிரீசில் கரியைக் குழைத்துத் தேய்ப்போம். கடைசியில், அடித்தவன் ரிஜிஸ்டரில் மைன் தனக்குக் கொடுத்த டோக்கன் நம்பரைப் போட்டுக் கையெழுத்து வைப்பான். தன் வேலையை இன்னொருவன் டோக்கனில் எழுதினவனோடு யாரும் டீ குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்தவனைக்கூட மன்னித்திருக்கிறோம், அவனை மன்னித்ததில்லை.

கார் என் அப்பாவுடையது. அவரும் அதே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி கப்பலில் கொண்டுவந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். துணிக்கூரை, கம்பிச் சக்கரம், உடம்பில் பாதிக்கு மேல் மூக்கு. அந்த அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது, அதை ஸ்டார்ட் பண்ணத் தெரிந்த ஒரே மனுஷனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மைசூர் மைன்ஸ் பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அப்பா அதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து பேத்தமங்கலம் ஏரிவரை போய்வருவார். நாங்கள் நாலு பிள்ளைகள், சீட் இரண்டு. அதனால் எங்களுக்கு அந்தக் காரின் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. அப்பா போனபிறகு நான் மாதம் ஒரு முறை எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் மாற்றி வந்தேன், அவ்வளவுதான். "கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாள் எண்ணெ தேச்சி வுட்டதில்ல" என்பாள் என் மனைவி.

விற்கவேண்டி வந்தது எங்கள் மகளுக்காக. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை. மருமகனுக்கு நரசாபுரத்தில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்டு. இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். தினமும் காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுவாள், ராத்திரி வீட்டுக்கு வருவாள். காலையில் ரயில் இங்கேயே கிளம்புவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். சாயங்காலம்தான் யுத்தம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நாலாவது மாதம், பெங்களூரிலிருந்து நின்றுகொண்டே வந்தாள். மாலூர் தாண்டி டேகல் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. பங்காருபேட்டை ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது, தன் பை காணாமல் போனதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். 

காரை விற்கும் நேரத்தில் மறுபடி நாலாவது மாதம். ரயில் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். எங்களுக்கு 'இருக்கலாம்' மட்டும்தான் கேட்டது. வேலையை விட்டால் பிரசவ விடுப்புச் சம்பளம் போகும், வேலையும் போகும். வாடகைக்குப் போனால் சம்பளத்தில் பாதி வாடகைக்கே. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு வீடு லீசுக்கு வந்தது. ஒரே தொகையாகப் பதினைந்து லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி பண்ணும்போது தொகை திரும்ப வந்துவிடும். வீட்டுக்காரர் திங்கட்கிழமைவரை வைத்திருப்பதாகச் சொன்னார்.

மகள்தான் காரைப் படம் எடுத்து அனுப்பி, ஆளைப் பிடித்தாள். பெங்களூரில் பழைய கார்களை வாங்கி ஒரு பெரிய கூடத்தில் நிறுத்திவைத்திருக்கும் ஒரு பணக்காரர். எல்லாம் ஒரிஜினலாக இருந்தால் பதினெட்டு லட்சம் என்றார். மதிப்பீட்டாளர் சனிக்கிழமை வந்து பார்ப்பார், அவர் சரியென்று எழுதினால் அன்றைக்கே பணம் பேங்கில் விழும், திங்கட்கிழமை லாரி வரும். அதாவது, சனிக்கிழமை அந்த ஆள் எழுதப்போகும் காகிதத்தைப் பொறுத்து என் மகள் ரயிலில் நிற்பாளா மாட்டாளா என்பது இருந்தது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 

ஆள் வந்து பார்க்கப் போகிறார் என்றால் எங்கள் மொழியில் அது இன்ஸ்பெக்‌ஷன். வியாழக்கிழமை காலை பானெட்டைத் திறந்து எஞ்சினைத் துடைத்தபோது நம்பர் கண்ணில் பட்டது. அப்பா வருஷக்கணக்காக ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்ததில் பாதி அழிந்திருந்தது. ஒரு எழுத்து, ஐந்து எண். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. பஞ்ச் பெட்டியை எடுத்தேன். ஆறு அடி. கை நடுங்கவில்லை, ஒரு எண்கூடக் கோணவில்லை. கிரீசும் கரியும் தேய்த்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "இன்னாங்க அது டொக்கு டொக்குன்னு" என்றாள். "நம்பர் அடிக்கிறேன்" என்றேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெங்களூரில் வளர்ந்தவர்களின் தமிழ், நடுநடுவே கன்னடம். தோளில் ஒரு பை. மரியாதையான ஆள், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். மகள் லீவு போட்டிருந்தாள். மருமகனுக்குக் காலை ஷிப்டு. என் மனைவி டீ கொடுத்தாள். நான் பெருமையாக எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த மாதிரி கார் வெளில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது சார்" என்றார். "போன வாரம் தும்கூர்ல ஒண்ணு. பளபளன்னு இருந்துச்சி. எஞ்சின் நம்பர புதுசா குத்தி வெச்சிருந்தாங்க. அப்பிடியே பைய தூக்கிகினு வந்துட்டேன்."

"ஏன் சார்? நம்பர் சரியா இருந்தா போதாதா?" என்று கேட்டாள் மகள்.

"சரியா தப்பாங்கறது அப்புறம் மேடம். அதுல யாரோ கை வெச்சாங்கன்னாலே சந்தேகம்தான். திருட்டு எஞ்சினா இருக்கலாம், வேற வண்டி எஞ்சினா இருக்கலாம். பழைய காருக்கு மொகமே அந்த நம்பர்தான். தேஞ்சிருந்தா பரவால்ல, தேஞ்சதுக்கு விலை குறையாது. புதுசா அடிச்சாதான் போச்சி."

டீ டம்ளர் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடினேன். இடம் முன்னாலேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. கதவோரம் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். ஆறு அடியும் அவள் காதில் விழுந்தவை. நானே அவளிடம் சொல்லியும் இருந்தேன். ஒரு நொடி பார்த்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'சார், நம்ம வண்டியிலயும் அப்படி ஒண்ணு கீது' என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்திருக்கலாம். அதற்குள் மகள் அவரிடம் கொட்டகைச் சாவியை நீட்டினாள், எல்லோரும் எழுந்துவிட்டோம்.

அவர் பின்னாலிருந்து ஆரம்பித்தார். அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல், ஒரு விதத்தில் சித்திரவதை. எஞ்சின் முன்னால் இருக்கிறது. பின் பம்பரிலிருந்து முன்னால் வர அவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எனக்கு உயிர். துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து உடம்பு முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். பெயிண்டுக்கு அடியில் இரும்பு இல்லாமல் பட்டி இருந்தால் காந்தம் பிடிக்காது. எல்லா இடத்திலும் பிடித்தது. "சென்னாகிதே" என்று, நன்றாக இருக்கிறது என்பதைக் கன்னடத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டார். கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டிக் கேட்டார். கீழே சாக்கு விரித்துப் படுத்து, டார்ச் அடித்து சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். அதை நான் தொடவில்லை. அப்பா பெயிண்ட் அடித்து மூடிவைத்திருந்ததால் அது தேயாமல் இருந்தது. இந்த மனுஷன் எஞ்சின் நம்பரையும் மூடிவைத்திருக்கக் கூடாதா என்று செத்துப்போனவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

மகள் அவர் பக்கத்திலேயே நின்று, கேட்ட காகிதத்தை எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி எழுதிக் கொடுத்த பழைய கடிதம், ஆர்.சி. புத்தகம், வரி கட்டின ரசீதுகள். ஒரு கையால் ஃபைலைப் பிடித்திருந்தாள், இன்னொரு கை அவளுக்கே தெரியாமல் வயிற்றின்மேல் இருந்தது. ஒவ்வொரு தடவை அவர் தலையை ஆட்டும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் பிடரியில் தட்டிக்கொண்டே இருந்தான். கதவைப் பார்த்து முடிக்கட்டும் என்றேன் அவனிடம். கதவு முடிந்தது. சீட்டைப் பார்த்து முடிக்கட்டும் என்றேன். சீட்டும் முடிந்தது. ஒருவேளை பார்க்காமலே விட்டுவிடுவார் என்றுகூட நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பானெட்டைத் திறந்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை ஒரு தடவை வருடினார்.

"இது குத்தியிருக்காங்க" என்றார்.

கொட்டகைக்குள் தகரம் சூடேறி டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. அவர் கரி படிந்த நகத்தைப் பார்த்தார். "மேல கிரீசு, கரி. பழசாட்டம் தெரியணும்னு தேச்சிருக்காங்களா, இல்ல நெஜமாவே பழசான்னு தெரியல." பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து ரேடியேட்டர்மேல் வைத்தார். "தின்னர் போட்டுத் தொடச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஆனா மொதல்ல கேட்டுடறது என் வழக்கம். யாரு சார் இத்த அடிச்சது? எப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்க தாத்தா சார். அவரு மைன்ல பிட்டரு. நம்பர் தேஞ்சா திருப்பி அடிக்கணும்னு அங்க ரூலு. கிரீசுல கரி கலந்து தேய்ப்பாங்க, துரு புடிக்காம இருக்க. எங்கப்பா சொல்லிகினே இருப்பாரு. செயினு, கொக்கி எல்லாத்துக்கும் அப்டித்தான். தாத்தாதான் பழக்கதோஷத்துல அடிச்சிருப்பாரு. எங்கப்பா இத்தல்லாம் தொடவே மாட்டாரு."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். அந்த ஆள் முகம் தெளிந்தது. "ஹௌதா?" என்று, அப்படியா என்கிற மாதிரி, என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. சும்மா நின்றேன். சும்மா நிற்பதும் ஒரு பதில்தான் என்று நின்றபோதே எனக்குத் தெரியும்.

"அப்பிடின்னா பிரச்சினையே இல்ல" என்றார். "கோலார் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்ல அந்தக் காலத்துல அடிச்சதுன்னா அது வண்டியோட சரித்திரத்துல சேரும். எங்காளு சந்தோஷந்தான் படுவாரு. எழுதிடறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்." பாட்டிலை மூடியபடியே பைக்குள் போட்டுக்கொண்டார்.

முன்னறைக்கு வந்து உட்கார்ந்தோம். அவர் இங்கிலீஷில் எழுதினார், எழுதியதைப் படித்தும் காட்டினார். எஞ்சின் நம்பர் முந்தைய உரிமையாளரால், அதாவது என் அப்பாவால், பல பத்தாண்டுகளுக்கு முன்பு மறுபடி அடிக்கப்பட்டது. அவர் பெயர், அவர் வேலை. "தாத்தாவோட டோக்கன் நம்பர் எதுனா கீதா சார்? போட்டா நல்லா இருக்கும்" என்று கேட்டார். மகள் மனப்பாடமாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பேனாவைத் தந்தார்.

என் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "போட்டுட்டு தண்ணி குடிங்க" என்றாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் கண்ணில் கெஞ்சல் இருந்தது. முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவள் என்னிடம் கெஞ்சியதே கிடையாது, அதட்டித்தான் பழக்கம்.

எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஐந்து சீல உறுதிமொழியும் சொல்கிறோம். நாலாவது, பொய் சொல்லாமை. அதற்காகத்தான் நான் செய்ததைச் செய்தேன் என்று இப்போது பெருமை அடித்துக்கொள்ளலாம். அது நிஜமில்லை. சுவர்ப்பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. என் கண் அந்தக் காகிதத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. நான் அடித்த வேலைக்குப் பக்கத்தில் என் அப்பாவின் டோக்கன் நம்பர். ஒர்க்‌ஷாப்பில் எவன் அப்படி எழுதினாலும் முகத்தில் காறித் துப்பியிருப்பேன். பேனாவைப் புள்ளியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். மகள், "இன்னாப்பா, கண்ணாடி வேணுமா?" என்றாள்.

"அது எங்கப்பா அடிச்சது இல்ல சார்" என்றேன். "நான் அடிச்சது. முந்தாநேத்து."

 அந்த ஆள் பேனாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ஏன் சார்?" என்றார்.

"தேஞ்சிருந்துச்சி."

 பஞ்ச் பெட்டியை எடுத்துவந்து காட்டினேன். நீங்கள் வருவது எங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி என்றேன். ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுத்தான் அடித்தேன் என்றேன். பேசப்பேச என் குரல் எனக்கே திருடன் குரலாகக் கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கொட்டகைக்குப் போய், துணியில் தின்னர் நனைத்து ஒரு தடவை துடைத்தார். கரி போனதும் ஆறு வெட்டும் வெள்ளி மாதிரி மின்னின. நல்ல வேலை, எல்லாம் ஒரே ஆழம். அந்த நேரத்திலும் என் புத்தி அதைக் கவனித்தது.

"நான் நம்பறேன் சார்" என்றார், பாட்டிலை மூடிக்கொண்டே. "ஆனா நான் நம்பறத வெச்சி அவங்க பணம் குடுக்க மாட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க சொல்லலைன்னா இத்த தொறந்திருக்கவே மாட்டேன்" என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். வேலியோரம் நடந்தபடி பேசினார். குடுமிப்பிடியாகக் கன்னடத்தில் வாதாடினார், எங்களுக்காகத்தான். நாங்கள் மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். மகள் ஃபைலில் காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் உள்ளே வந்து உட்காராமலே சொன்னார்.

"ஆர்.டி.ஓ.வுல எழுதிக் குடுக்கணும். அவங்க போலீஸ் லேபுக்கு அனுப்புவாங்க. ஆசிட் வெச்சிப் பாத்தா அடியில கீற பழைய நம்பர் தெரியும். அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு ரிப்போர்ட் வந்தப்புறம் பேசலாம்னுட்டாரு. விலையும் அப்பறம்தான். மூணு மாசம், நாலு மாசம் ஆவலாம் சார்." செருப்பைப் போட்டுக்கொண்டு, என் மகளைப் பார்த்து, "சாரி மேடம்" என்றார். அவள் அவரை கேட்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

என்னிடம் அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாளில் ஆறிப்போயிருப்போம். அவள் கத்தவில்லை. மறுநாள் காலை, நான் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு, பெங்களூர் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "மனெ பேடா சார்" என்றாள். வீடு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவர் ஏன் என்று கேட்டிருப்பார் போல. "இல்ல சார், அப்பாவுக்கு வசதிப்படல" என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தாள். என் மனைவி அன்று எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மோர் வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. மருமகன் நல்ல பையன். "பரவால்ல மாமா" என்று சொன்னான். அவன் அப்படிச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட் நாலு மாதம் கழித்து வந்தது. அடியில் இருந்த நம்பரும் நான் அடித்த நம்பரும் ஒன்றுதான் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதே பெங்களூர்ப் பணக்காரர் பதினொரு லட்சத்துக்கு வாங்கிக்கொண்டார். அதற்குள் மகள் விடுப்பில் வீட்டோடு இருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண். இதைக் கேட்டதும் எல்லோரும், பார்த்தீர்களா, நேர்மையாக இருந்தீர்கள், எல்லாம் நல்லதாக முடிந்தது என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. குழந்தை தங்கியது நான் உண்மை பேசியதால் அல்ல. நான் பேசியதையும் மீறித் தங்கியது. தங்காமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்திருக்கிறேன்.

லாரி வரவேண்டியிருந்த அந்தத் திங்கட்கிழமை மகள் வழக்கம்போல ரயிலேறிப் போனாள். மதியம் நானும் ஒரு ரயிலைப் பிடித்து பெங்களூர் போனேன். மைன் மூடினபிறகு பதினெட்டு வருஷம் அதே ரயிலில் ஒரு ஃபேக்டரிக்குப் போய்வந்தவன் நான், அதன் ஒவ்வொரு முரடனையும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேட்டில் என்னைப் பார்த்தாள். பையை மட்டும் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள். நான் இரண்டடி பின்னால் நடந்தேன்.

ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே ஆட்கள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தபோது ஒரு சீட்கூட இல்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து மடியில் துண்டை விரித்துச் சீட்டாட ஆரம்பித்திருந்த நாலு பேரிடம் போனேன். ஓரத்தில் இருந்த பையனிடம், "தம்பி, கொஞ்சம் எடம் குடுப்பா. பொண்ணுக்கு ஏழாவது மாசம். நிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு" என்றேன். அவளுக்கு நாலு முடியவில்லை. டாக்டர் அப்படி எதுவும் சொல்லவும் இல்லை. பையன் எழுந்துவிட்டான். அவள் உட்கார்ந்தாள்.

மறுநாள் வேறு பெட்டி, வேறு ஆட்கள். அன்றைக்கு அவளுக்கு ரத்த அழுத்தம் என்றேன். இன்னொரு நாள், காலையில்தான் ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தாள் என்றேன். ஒரு முரட்டு ஆள் நம்பாமல் அவள் வயிற்றையே பார்த்தபோது, இரட்டைக் குழந்தை, உள்ளுக்குள் படுத்திருக்கிறது, வெளியே தெரியாது என்று எனக்கே புரியாத ஒன்றைச் சொன்னேன். எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. கை நடுங்கவில்லை, குரல் கோணவில்லை. இப்படியே பதினோரு நாள். அவள் உட்காருவாள், நான் முன்னால் நிற்பேன், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். 

பன்னிரண்டாவது நாள் ஒரு அம்மாளிடம், இவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்துவிட்டது என்றேன். ஒரு தடவைதான் கலைந்தது. அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டு, சட்டென்று எழுந்து, தன் இடத்தைக் கொடுத்துவிட்டாள். மகள் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, வாரை ஒழுங்காகச் சுற்றி முடித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒரு சீட்டுக்கு இத்தினி பொய் சொல்றே" என்றாள். "ஒரு வூட்டுக்கு ஒண்ணு சொல்லலியேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள். டோக்கன், ரிஜிஸ்டர், கையெழுத்து என்று எனக்குள் இருந்த எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன்.  அதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டியது. கூட்டம் இன்னும் ஏறியிருந்தது, ஊருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரும் அவள்மேல் சாயாதபடி நின்றுகொண்டே வந்தேன்.